முதலில் காது, பிறகுதான் கால்

அன்பின் ஐயா,

என் நாநா (அண்ணன்) ஆமியில் இருந்தவர். 2008இல் வடக்கில் மிதிவெடியில் சிக்கி இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அதே வெடியில் இடது காதுச் சவ்வும் கிழிந்தது. விலாப் பக்கத்தில் ஒரு சிதறல் துண்டு இன்னும் இருக்கிறது. போட்டிருப்பது ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால். இரவில் தூக்கமில்லை, அதற்கு மாத்திரை குடிக்கிறார். அமெரிக்காவில் காயப்பட்ட படையினரைக் கடலில் சுழியோட வைத்துத் தேற்றுகிறார்கள் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தானும் போக வேண்டும் என்கிறார். கல்கிசைப் பக்கம் ஒரு டைவிங் நிலையத்தில் விசாரித்தோம். "கால் இல்லாதது ஒரு பிரச்சினையே இல்லை, நாளைக்கே கூட்டிக்கொண்டு வாங்க" என்றார்கள். மதினிக்குப் பயம். இது உண்மையிலேயே சிகிச்சைதானா? காலைப் போட்டுக்கொண்டு இறங்குவதா, கழற்றிவிட்டு இறங்குவதா?

எம்.எஃப்., தெஹிவளை

அன்பின் எம்.எஃப்.,

காலைப் பற்றி அவர்கள் சொன்னது சரி. தண்ணீருக்குள் கால் இல்லாததைச் சமாளிக்க எத்தனையோ வழி இருக்கிறது. ஆனால் காதையும் விலாவையும் மாத்திரையையும் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால், நாளைக்குப் போகாதீர்கள். மிதிவெடியில் பிழைத்தவருக்குக் கடலில் வரும் ஆபத்து பெரும்பாலும் இழந்த காலால் வருவதில்லை. அந்த வெடி கண்ணுக்குத் தெரியாமல் வேறு எங்கே தாக்கியது என்பதுதான் பார்க்க வேண்டியது.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அமுக்கம் 1 பார் கூடும், அதாவது கரையில் நம்மேல் இருக்கும் காற்றமுக்கத்தின் அளவு இன்னொரு மடங்கு சேரும். காதுக்கு வேலை அதிகம் முதல் சில மீட்டர்களில்தான். நீச்சல் தடாகத்தின் 2 மீட்டர் ஆழத்திலேயே வலி தெரியும். மூக்கைப் பொத்தி மெல்ல ஊதி, நடுக்காதுக்குக் காற்றை அனுப்பிச் சமப்படுத்த வேண்டும். சவ்வில் இன்னும் துளை இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். உடம்புச் சூட்டைவிடக் குளிர்ந்த நீர் ஒரு பக்கக் காதுக்குள் மட்டும் இறங்கினால் தலை சுற்றும், மேல் எது கீழ் எது என்று பிடிபடாது, வாந்தி வரும். சிலிண்டர் காற்றைத் தரும் வாய்க்கருவியான ரெகுலேட்டரைக் கடித்தபடி வாந்தியெடுத்துச் சமாளிப்பது புதியவரால் ஆகாத காரியம். துளை மூடியிருந்தாலும் அந்த இடத்துத் தழும்பு மெல்லியதாக இருக்கலாம். ஆகவே காது டொக்டரிடம் "காது நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். நாநா மூக்கைப் பொத்தி ஊத, சவ்வு அசைகிறதா என்று டொக்டர் அதே நேரம் கருவியால் பார்க்க வேண்டும். டிம்பனோகிராமும் (சவ்வின் அசைவை அளக்கும் சோதனை) கேட்டல் பரிசோதனையும் எடுக்கச் சொல்லுங்கள். காதுக்கு அடைப்பான் போட்டுக்கொண்டு இறங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அடைப்பானுக்கும் சவ்வுக்கும் நடுவே அகப்பட்ட காற்று ஆழத்தில் சுருங்கும். அடைப்பான் உள்ளே இழுபடும்.

விலாவுக்கு வருவோம். தசைக்குள் மட்டும் கிடக்கும் துண்டு பெரும்பாலும் தடையில்லை. அது நுரையீரலைத் தொட்டதா என்பதே கேள்வி. பழைய டயக்னோசிஸ் கார்டைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால், அக்குளுக்குக் கீழே விலா எலும்புகளுக்கு நடுவில் சிறிய தையல் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சுக்குள் குழாய் போட்டிருந்தால் வழக்கமாக அங்கேதான் போட்டிருப்பார்கள். இருந்தால் சாதாரண எக்ஸ்ரே போதாது, சி.டி. ஸ்கேன் வேண்டும். (யாராவது எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுத்தால், உடம்பில் உலோகத் துண்டு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த 5 லீட்டர் காற்று, மேற்பரப்புக்கு வரும்போது 10 லீட்டராகிவிடும். மூச்சை விட்டுக்கொண்டே ஏறுபவருக்கு அது வெளியே போய்விடும். தழும்புக்குப் பின்னால் காற்றுச் சிக்கும் மூலை ஒன்று இருந்தால், அவர் எவ்வளவு ஒழுங்காக மூச்சு விட்டாலும் அந்த மூலை கிழியலாம்.

மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள். டயசிபாம், குளோனசிபாம் போன்ற மயக்கம் தருபவை என்றால் இறங்கக் கூடாது. கெட்ட கனவுக்குக் கொடுக்கும் பிரசோசின் இரத்த அமுக்கத்தைக் குறைக்கும். தண்ணீரை விட்டு ஏறும் கணத்தில் கண் இருட்டிக்கொண்டு வரலாம். செர்ட்ராலின் போன்றவற்றில் குறைந்தது 3 மாதம் நிலையாக இருந்தவரைப் பற்றி டொக்டர்மார் யோசிப்பார்கள். வெடியில் தலையில் அடிபட்டதா, அதற்குப் பிறகு ஒரு தடவையாவது வலிப்பு வந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கடலுக்குப் போவதற்காக மாத்திரையை நிறுத்துவது. டைவிங் நிலையம் தரும் மருத்துவக் கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் 10 கேள்விகள் இருக்கும். "எல்லாத்துக்கும் இல்லை என்று போடுங்க, வேலை சுகம்" என்று பேனையை நீட்டுகிற ஆட்களிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

சிகிச்சையா என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் வால்டர் ரீட் படை மருத்துவமனையில் காயப்பட்ட படையினருக்கான ஸ்கூபாப் பயிற்சி (சிலிண்டர் காற்றோடு சுழியோடுவது) 2007இல் தொடங்கியது. அங்கே டொக்டரும் பிஸியோதெரபிஸ்டும் பக்கத்திலேயே இருந்தார்கள். யூடியூபில் அதைக் காட்டுவதில்லை. 2011இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள், முள்ளந்தண்டில் அடிபட்ட ஒரு சிறு குழுவிடம் சில நாள் சுழியோடிய பின் தசை இறுக்கமும் மனஅதிர்ச்சியின் குறிகளும் குறைந்ததாகச் சொன்னார்கள். நல்ல செய்திதான், ஆனால் ஆட்கள் மிகக் குறைவு, காலமும் குறைவு. என் அபிப்பிராயம்: இதைத் துணை மருந்து என்று வைத்துக்கொள்ளலாம், கிளினிக்குக்குப் பதிலாக வைக்கக் கூடாது. தண்ணீரில் பாரம் இல்லை, மொட்டைக் காலில் அழுத்தம் இல்லை, மூச்சை நீட்டி விட்டே ஆக வேண்டும், யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பலருக்கு இதுவே பெரிய ஆறுதல். அமுக்கக் காற்று காயத்தை ஆற்றும் என்ற கதையை மட்டும் நம்பாதீர்கள். அது அறைக்குள் வைத்துத் தூய ஒட்சிசன் கொடுக்கும் வேறு சிகிச்சை. ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்று.

இனிக் கால். முதல் சில தடவை கழற்றிவிட்டே இறங்கட்டும். ஜெய்ப்பூர் கால் வயலிலும் சேற்றிலும் நடக்கத் தோதானது, தண்ணீருக்குக் கெட்டுப்போகாது. ஆனால் அதன் பிளாஸ்டிக் தண்டு உள்ளே வெறுமை, பாதத்துக்குள் மரமும் பஞ்சு ரப்பரும். இரண்டும் மிதக்கும். போட்டுக்கொண்டு இறங்கினால் அந்தக் கால் மேலே இழுத்து, தலை கீழே போகும். பிறகு காலோடு இறங்க விரும்பினால், தண்டில் கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு துளையும், மொட்டை உட்காரும் குழிக்குக் கீழே இன்னொரு துளையும் வேண்டும். கீழ்த்துளையால் தண்ணீர் ஏறும்போது மேல்துளையால் காற்று வெளியேறும். ஒரே துளை போட்டால் காற்று உள்ளேயே நிற்கும். நாளாந்தம் நடக்கும் காலில் கை வைக்காமல், வீட்டில் கிடக்கும் பழைய காலைச் செய்து கொடுத்த இடத்துக்கே கொண்டுபோய்க் கேளுங்கள். ஃபின் (பாதத்தில் மாட்டும் துடுப்பு) குட்டையாக இருக்கட்டும். நீண்ட ஃபின் நெம்புகோலாகி, மொட்டையின் முன் எலும்பு நுனியில் தோலை உரித்துவிடும்.

கால் இல்லாமல் இறங்கும்போது வருவது வேறு சிக்கல். கால் தசையும் எலும்பும் தண்ணீரில் தாழ்பவை. அது குறைந்ததால் இடது பக்கம் மேலெழும்ப, உடம்பு வலது பக்கம் புரளப் பார்க்கும். தாழ்வதற்காகக் கட்டும் ஈயத்தில் அரைக் கிலோ முதல் 1 கிலோ வரை வலதிலிருந்து இடதுக்கு மாற்றிப் பார்த்தால் நேராகும். எவ்வளவு என்பதைத் தடாகத்திலேயே முடிவு செய்யுங்கள். வெட்சூட்டின் (சுழியோடும் ரப்பர் உடை) வெறும் கால் பகுதியை மடித்துக் கட்டினால் அதற்குள் காற்று நிற்கும். அளவாக வெட்டி, நியோப்ரீன் பசையால் ஒட்ட வேண்டும். வலது காலை மட்டும் அடித்தால் உடம்பு இடதுபுறம் திரும்பிக்கொண்டே போகும். காலை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து அடிக்கப் பழக்க வேண்டும். வழக்கமான அலுமினியச் சிலிண்டர் வெறுமையாகவே 14 கிலோவை ஒட்டி வரும். அதை முதுகில் கட்டி ஒற்றைக் காலில் ஆடும் படகில் நிற்க வைக்காதீர்கள். காற்றூதிய ஜாக்கெட்டோடு சேர்த்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அவர் இறங்கிய பிறகு அங்கேயே மாட்டலாம். ஏறும்போது முதலில் ஈயத்தை மேலே கொடுத்து, பிறகு சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்து, கடைசியில் ஆள். கழற்றிய காலைத் துவாயில் சுற்றி நிழலில் வையுங்கள். வெயிலில் கொதித்த குழி, உணர்வு குறைந்த தோலைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. கரைக்கு வந்ததும் மொட்டையை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, இலாஸ்டிக் பண்டேஜ் சுற்றுங்கள். சுற்றாமல் நேரம் போனால் வீங்கி, வந்த காலே ஏறாது.

தடாகத்தில் கவனிக்க வேண்டியது பயம். மாஸ்க் பக்கப் பார்வையை மறைக்கும். முதுகுக்குப் பின்னால் யார் என்று எப்போதும் பார்த்துப் பழகிய ஒருவருக்கு அது சிறு விஷயமில்லை. கறுப்பு விளிம்புள்ள மாஸ்கை விட்டு, ஒளி புகும் வெள்ளை சிலிக்கோன் மாஸ்கை எடுங்கள். பயிற்சியாளர் அவர் கண்ணுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும், பின்னாலிருந்து தொடக் கூடாது. மாஸ்கில் தண்ணீர் நிரப்பி வெளியேற்றும் பாடத்தை முதல் நாளே வைக்காதீர்கள். மூக்கில் தண்ணீர் ஏறியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்பவர்கள் உண்டு. நுரையீரல் கிழிவதற்கு ஒன்றிரண்டு மீட்டர்கூடப் போதும்.

மேற்குக் கடலுக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் காலம். கொழும்புக்கு வெளியே பேர்போன கப்பல் சிதைவுகள் பல 30 மீட்டரை ஒட்டிக் கிடக்கின்றன. புதியவருக்கு அவை வேண்டாம். முதல் கடல் இறக்கம் 12 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஹிக்கடுவையோ, மே முதல் செப்டம்பர் வரையான காலத்தில் நிலாவெளிப் புறாத்தீவோ பரவாயில்லை. ஆனால் கிழக்கில் சட்டவிரோத டைனமைட் மீன்பிடி இன்னும் ஒழியவில்லை. தண்ணீருக்குள் ஒலி நாலு மடங்குக்கும் மேலான வேகத்தில் வருவதால் எந்தத் திசை என்றும் தெரியாது. தொலைவில் வெடித்தாலும் பக்கத்தில் வெடித்தது போலிருக்கும். நாநாவுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், "மேலே போவோம்" என்ற சைகைக்குக் காரணம் கேட்கக் கூடாது என்று பயிற்சியாளரிடமும் பேசி வையுங்கள். பக்கத்தில் ஒருவர் போதாது. இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவராக இருப்பது நல்லது.

இறங்குவதற்கு முதல் நாள், எங்கெங்கே மரத்திருக்கிறது, இல்லாத காலில் எந்த மாதிரி வலி வரும், எந்த நேரத்தில் வரும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஆழத்தில் உடம்பில் கரையும் நைதரசன் மேலே வரும்போது குமிழாகலாம். மேலே வந்த பிறகு புதிய இடத்தில் வலியோ மரப்போ வந்தால் அது அந்தக் குமிழாக இருக்கலாம். பழைய வலி என்று விட்டுவிட்டால் நேரம் போய்விடும். படகில் ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா, அதைக் கொடுக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா, குமிழுக்குச் சிகிச்சை தரும் கிட்டிய அமுக்க அறை எது, அது இப்போது வேலை செய்கிறதா என்று காசு கட்டுவதற்கு முன் கேளுங்கள். ஒரு தடவை சுழியோடினால் 12 மணித்தியாலம், பல தடவை என்றால் 18 மணித்தியாலம் விமானம் ஏறக் கூடாது. நுவரெலியா 1868 மீட்டர் உயரம். காலையில் கடலில் இறங்கிவிட்டுப் பின்னேரமே அங்கே வேனில் ஏறுவதற்கும் இதே கணக்குத்தான்.