எலும்பு உடையுமோ என்ற பயத்தில் அம்மாவைப் படுக்க வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்கும் வலது தொடை எலும்புக்கும் பரவியிருக்கிறது. ரேடியேஷன் முடிந்துவிட்டது. எலும்பு உடைந்துவிடுமோ என்று பயந்து அவரை எழவே விடுவதில்லை. அவரோ உடற்பயிற்சி செய்ய ஆசைப்படுகிறார். விடலாமா?

பதில்: ஆசைப்படுகிறாரே, அதுவே பெரிய விஷயம். விடுங்கள், ஆனால் டாக்டரிடம் கேட்டபிறகு. ‘வாக்கிங் போகலாமா?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘வலது தொடை எலும்பு உடல் எடையைத் தாங்குமா?’ என்று கேளுங்கள். நிற்கும்போதும் நடக்கும்போதும் உடல் பாரம் அதன்மேலும் இறங்கும். எலும்பு ரொம்பவே அரித்திருந்தால், உடைவதற்கு முன்பே உள்ளே கம்பி வைத்து பலப்படுத்துவதும் உண்டு.

படுத்தே இருப்பது பாதுகாப்பு இல்லை. தசை மெலியும், எழுந்து நின்றால் தள்ளாடும், விழுவார். உங்கள் பயம் அப்படித்தான் பலிக்கும்.

நோய் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களுக்கு வேலை கொடுப்பதுதான் இதில் சூட்சுமம். எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 57 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018இல் வெளியானது. இப்படி இடம் பார்த்து வகுத்த பயிற்சியை 3 மாதம் செய்தவர்களுக்குக் கால் வலு கூடியது. பயிற்சியால் எலும்பு முறிவோ கூடுதல் வலியோ வரவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் தெம்பு தருகிறது.

புற்றுநோயாளிகளைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட்டிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது காலை நீட்டி மடக்குவது, லேசான ரப்பர் பட்டையைக் கையால் இழுப்பது, வலது பாதத்தை மட்டும் அசைப்பது என்று அநேகமாகத் தொடங்குவார்கள். இடுப்பை முறுக்குவது, குனிந்து கால்விரலைத் தொடுவது, குதிப்பது, வாளி தூக்குவது எல்லாம் கூடாது. யோகாசனம்தானே என்று குனியும் ஆசனங்களையும் செய்யவிடாதீர்கள். வீடியோ பார்த்துச் செய்வதும் வேண்டாம். அதில் சொல்பவருக்கு அம்மாவின் ஸ்கேன் தெரியாது.

கட்டிலிலிருந்து எழுவதையும் பழக்குங்கள். நேராக எழாமல், முதுகை முறுக்காமல் மொத்த உடம்பும் ஒருசேர ஒருக்களித்து, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

புதிதாக வலி வந்தாலோ, ராத்திரியில் கூடினாலோ, நிற்கும்போது தொடையிலோ தொடை இடுக்கிலோ வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கால் மரத்துப்போவது, வலுவிழப்பது, சிறுநீர் பிரியாமல் போவது அல்லது அடக்க முடியாமல் போவது, இவை தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.