மணிமேகலை ஏன் உருமாறிப் போனாள்?

கேள்வி: ஏலெவல் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். ஆசியாவின் பெரிய சமயங்களையும் தத்துவங்களையும் படிக்க ஆசை. வீட்டிலோ, "எல்லாச் சமயமும் ஒன்றைத்தானே சொல்லுது, இதில் படிக்க என்ன இருக்கு" என்கிறார்கள். அது சரியா? எங்கிருந்து தொடங்கலாம்?
- வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: சரியில்லை, பிள்ளை. வீட்டாரை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனதோடு சொல்கிற வார்த்தைதான், இந்த ஊர் பட்ட பாட்டுக்குப் பிறகு அப்படிச் சொல்லத் தோன்றுவதும் நியாயம். ஆனால் படிக்க வருகிறவர் அதை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வர வேண்டும். "நான் யார், செத்த பிறகு எனக்கு என்ன" என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய உயிரும் அநாதி, உயிர் என்றைக்கும் உண்டு என்கிறது சைவ சித்தாந்தம். உடலும் உள்ளமும் சேர்ந்த ஐந்து கூறுகளின், அதாவது ஐந்து கந்தங்களின், சேர்க்கைதான் இருக்கிறது, நிலையான ஆன்மா என்று ஒன்று கிடையாது என்கிறது பௌத்தம். அத்வைதத்தைக் கேட்டால், பிரமம் ஒன்றே, நீங்கள் வேறு என்று நினைப்பதுதான் அறியாமை. இஸ்லாத்தில் மறுபிறப்பு இல்லை. ஒரு வாழ்க்கை, அப்புறம் மறுமையில் கணக்கு. சாவைப் பற்றிக் கேட்ட சீடரிடம் கன்பூசியஸ், வாழ்வையே இன்னும் அறியாதபோது சாவை எப்படி அறிவது என்று திருப்பிக் கேட்டார். இந்த ஐந்தும் ஒன்றுதான் என்கிறவர் ஐந்தில் ஒன்றையும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது? மணிமேகலையின் 27ஆம் காதை. வஞ்சி நகரில் வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று ஒவ்வொருவராகத் தேடிப் போய், உன் கொள்கை என்ன என்று அவள் கேட்கிறாள். இளம்பெண் என்று பார்த்தால் யாரும் பொருள் சொல்ல மாட்டார்கள் என்பதால் மாதவன், அதாவது பெருந்தவசி ஒருவரின் உருவம் எடுத்துக்கொண்டு போகிறாள். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம், நேராகவே போய்க் கேட்கலாம். கிண்ணியாவில் ஒரு மௌலவியிடம் கேட்டுப் பாருங்கள், தேநீர் தந்து உட்கார வைத்துச் சொல்வார்.

அதை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எழுதியவர் பௌத்தர். அவருடைய காப்பியத்தில் வைணவவாதிக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய இரண்டே வரி! சைவ சித்தாந்த நூலான சிவஞானசித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கமும் அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் கண்ணால் காண்பதே மெய் என்னும் உலகாயதம் தொடங்கி 14 மதங்களை எடுத்துச் சொல்லி மறுக்கிறார், எதிராளியின் வாதத்தை முழுதாகச் சொல்லிவிட்டு மறுக்க வேண்டும் என்ற அந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன், என்றாலும் பரபக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுப் பௌத்தம் தெரியும் என்று சொல்லக்கூடாது. பௌத்தர்களின் சொந்த நூலான தம்மபதத்தைக் கையில் எடுக்க வேண்டும். எதிராளி எழுதிய நூல் வழிகாட்டும், ஆனால் ஒரு சமயத்தை அதன் சொந்த வாயால் கேட்கும்வரை படிப்பு தொடங்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளிக்கூடங்களில் நடப்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிறது. ஒரே வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் சமய பாடம் வந்ததும் எழும்பிப் பிரிந்து போகிறார்கள். ஒருத்திக்குச் சைவநெறி, ஒருத்திக்கு இஸ்லாம், ஒருத்திக்குக் கத்தோலிக்கம். ஓலெவல் வரை பக்கத்து வாங்கில் இருந்தவளின் புத்தகத்தில் என்ன இருந்தது என்று தெரியாமலே வெளியே வருகிறோம், வந்து, எல்லாம் ஒன்றுதான் என்கிறோம்.

கோணேசர் கோயிலுக்கு நீங்கள் எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். ஒரு நாள் பெரியகுளம் பக்கம் வெல்கம் விகாரைக்கும் போய் வாருங்கள். சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர், விளக்கெரிக்கக் கொடை கொடுத்தவர்கள் அதைத் தமிழில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழர் பௌத்தராகவும் இருந்தார்கள் என்பதை ஒரு கட்டுரையில் வாசிப்பது வேறு, அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்பது வேறு.

கொழும்புக்குப் போனால் தேசிய நூதனசாலையில் காலிக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது, 1911இல் காலியில் கிடைத்தது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேவேந்திரமுனைத் தெய்வமான தெனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரால் என்று காணிக்கைகளைச் சொல்கிறது. மூன்று பேரையும் ஒரே பெயரில் அடக்க அவர்கள் முயலவில்லை. அவரவர் பெயரைச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஒரு மொழியில் தனித்தனியாக வணக்கம் வைத்தார்கள். தமிழ்ப் பகுதியை எழுத்துக்கூட்டி வாசிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.