நண்பர்களோடு 2 நாள் மலைக்குப் போனால் மனசு புதுசாகுமா? வீட்டில் தூங்கினால் போதாதா?

தூக்கம் உடம்புக்குப் போதும். ஆனால் வேலை நாளெல்லாம் நாம் அதிகம் செலவழிப்பது கவனத்தை. மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர்களான ரேச்சல் கப்லன், ஸ்டீவன் கப்லன் தம்பதி இதைத்தான் சொன்னார்கள்: இழுத்துப் பிடித்து வைக்கும் கவனம் களைத்துப் போகும், மரம், தண்ணீர், மேகம் போன்றவை சிரமமில்லாமல் ஈர்ப்பதால் அதற்கு ஓய்வு கிடைக்கும். வீட்டில் படுத்திருந்தாலும் கை போனைத் தேடுகிறதே!

எங்கள் கதை கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. நாற்பதாவது வளைவுக்குள் ஒருவன் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டான், வாந்தி. மறுநாள் ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினோம். அருவித் தண்ணீர் தோளில் அடிக்கும்போது பேச முடியாது, கத்தத்தான் முடியும். கத்தினோம். திரும்பி ஏறும்போது பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தோம். அந்தப் படிகளில்தான், மூச்சு வாங்கிக்கொண்டே, ஒருவன் 6 மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த கடன் விஷயத்தைச் சொன்னான். ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டான் என்றே நினைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பக்கம் பார்க்கும்போது வாய் தானாகத் திறக்கிறது.

ஒன்று மட்டும். 2 நாளில் 8 இடம் என்று பட்டியல் போடாதீர்கள், அது இன்னொரு ஆபீஸ். ஒரு அருவி, ஒரு நல்ல சாப்பாடு போதும். அப்புறம், முழங்கால் வலி உள்ள யாரையும் அந்தப் படிகளில் இறக்கிவிடாதீர்கள்.