கனவு வருவதும் காண்பதும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 12 வயது. போன வாரம் வகுப்பில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவனை ஆசிரியர், "என்ன, கனவு கண்டுகொண்டிருக்கிறாயா?" என்று அதட்டியிருக்கிறார். அன்று மாலையே ஆண்டுவிழா. சிறப்பு விருந்தினர் பேச்சு முழுக்க "கனவு காணுங்கள்". ராத்திரி என்னிடம் கேட்கிறான், "அம்மா, காணவா, வேண்டாமா?" ஒரே சொல் திட்டாகவும் வாழ்த்தாகவும் எப்படி இருக்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து யார் பேசினாலும் இந்தச் சொல்லுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். "கெட்ட கனவாக நினைத்து மறந்துவிடு." "எல்லாம் கனவு மாதிரி இருக்கிறது." இந்த இரண்டாவதைக் கல்யாண வீட்டிலும் சொல்கிறோம், சாவு வீட்டிலும் சொல்கிறோம். "கனவிலும் நினைக்கவில்லை" என்பது பழைய உருப்படி. சொல் ஒன்று, செயல் ஒன்று என்று இருப்பவர்களின் நட்பு "கனவினும் இன்னாது", கனவில்கூடத் துன்பம்தான், என்கிறது குறள் (819).

கனவு என்ற சொல்லை மட்டும் பார்த்தால் போதாது, அதைத் தொடர்ந்து வரும் வினையைப் பார்க்க வேண்டும். "வீடு கட்டுகிற மாதிரி கனவு வந்தது" என்றால் தூக்கத்தில் வந்தது. "வீடு கட்ட வேண்டும் என்று ஒரு கனவு இருந்தது" என்றால் அது முழித்திருக்கும்போது மனதில் இருந்தது. தமிழ் பேசும் யாருக்கும் இதில் குழப்பம் வராது. தூக்கத்துக் கனவு பலிக்கும், ஆசைக் கனவு நனவாகும். (நனவு என்றால் விழிப்பு. அன்றாடப் பேச்சில் இன்று கனவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தச் சொல் உயிரோடிருக்கிறது.) "காண்பது" மட்டும் இரண்டுக்கும் பொது. உங்கள் மகன் மாட்டிக்கொண்டது அங்கேதான். "கனவு கண்டுகொண்டு உட்காராதே" என்று ஒருவர் அதட்டும்போது, கோபம் உட்கார்ந்திருப்பதன் மேல்.

எனக்கு மிகப் பிடித்தது "வருவது". அப்பா போன பிறகு சில நாள் காலையில் அம்மா, "அப்பா வந்தார்" என்பார். கனவில் என்றுகூடச் சொல்ல மாட்டார். நாங்கள் யாராவது "என் கனவிலும் வந்தார்" என்றால், என்ன பேசினார் என்று கேட்க மாட்டார். "என்ன சட்டை போட்டிருந்தார்?" என்பார். வந்தவரைப் பற்றித்தானே அப்படிக் கேட்க முடியும்! காதலரின் தூதோடு வந்த கனவுக்கு "யாதுசெய் வேன்கொல் விருந்து" என்று வள்ளுவரின் தலைவி தவிக்கிறாள் (1211). வந்தது கனவே ஆனாலும் விருந்தாளிதான்.

குறுந்தொகையில் 30-ஆம் பாட்டு, கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடியது. தலைவன் வந்து தழுவியதாக ஒரு கனா, மெய் போலவே இருக்கும் பொய். அதை நம்பி எழுந்தவள் "அமளி தைவந்தனனே" என்கிறாள். அமளி என்றால் படுக்கை. அவன் இருக்கிறானா என்று கையால் தடவிப் பார்க்கிறாள். கனவைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், அந்தக் கை படுக்கையில் தேடுவதைப் போல எதுவும் என்னை நிறுத்தியதில்லை.

சரி, பையனுக்கு வருகிறேன். எதிர்கால ஆசையையும் நாம் "காண்பது" என்றே சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதாக நினைக்கிறேன். விமானம் ஓட்ட வேண்டும் என்பது ஆசை. அந்த இருக்கையில் தான் உட்கார்ந்திருப்பதும், கீழே மேகம் நகர்வதும் கண்ணுக்குத் தெரிந்தால் அது கனவு. ஆசைக்குக் கண் வேண்டியதில்லை, கனவுக்கு வேண்டும். அதனால் தயங்காமல் "காண்" என்று சொல்லுங்கள். பாடம் நடக்கும்போது வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஆசிரியர் கேட்டதில் தப்பில்லை.

அப்புறம், அன்றைக்கு அந்த ஜன்னலில் அவன் என்னதான் கண்டான் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.