அதே குரூப்தானே, உடனே ஏற்றக் கூடாதா?

கேள்வி: அம்மாவுக்கு ஏ பாசிட்டிவ். ரத்த வங்கியில் அதே குரூப் இருந்தும், கிராஸ் மேட்ச் முடிய வேண்டும் என்று ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். எதற்காக?

பதில்: ஏ, பி, ஓ வகையும் பாசிட்டிவ், நெகட்டிவும் மட்டுமே ரத்தம் அல்ல. கெல், டஃபி, கிட் என 40-க்கும் மேற்பட்ட ரத்தப் பிரிவு முறைகள் உண்டு. முன்பு ரத்தம் ஏற்றியவர்கள், பிள்ளை பெற்றவர்கள் உடலில் இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு எதிராக ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) உருவாகியிருக்கலாம். அதனால்தான் நோயாளியின் சீரத்தையும் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) கொடுப்பவரின் சிவப்பணுக்களையும் 37 டிகிரியில் கலந்து வைத்து, அப்புறம், ஆன்டிபாடி ஒட்டிய அணுக்களைத் திரள வைக்கும் கூம்ஸ் சீரம் சேர்த்துப் பார்க்கிறார்கள். இதுதான் கிராஸ் மேட்ச். அணுக்கள் திரண்டால் அந்த யூனிட் ஆகாது. உயிர் போகும் அவசரத்தில் காத்திருக்காமல் ஓ நெகட்டிவ் சிவப்பணு கொடுப்பார்கள். மற்ற நேரங்களில் தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். சாம்பிள் எடுக்கும்போது நோயாளியின் பெயரைக் கேட்டு, படுக்கையருகிலேயே டியூபில் எழுதுகிறார்களா என்றும் கவனியுங்கள். டியூப் மாறிப்போனால், வேறொருவருக்குப் பொருந்தும் ரத்தத்தைத்தான் அந்தச் சோதனை சரி என்று சொல்லும்.

கேள்வி: இத்தனை வருடம் ஓ பாசிட்டிவ் என்றே நினைத்திருந்தேன். இப்போது 'பாம்பே குரூப்' என்கிறார்கள். அப்படியென்றால்?

பதில்: 1952-இல் டாக்டர் பெண்டேயும் அவரது குழுவினரும் பம்பாயில் கண்டறிந்தது இது. ஓ குரூப்காரர்களின் சிவப்பணுவில் எச் என்ற ஆன்டிஜென் (அணுவின் மேல் உள்ள அடையாளப் பொருள்) இருக்கும். உங்களுக்கு அதுவும் இல்லை. ஆன்டி-ஏ, ஆன்டி-பி சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனையில் எதுவும் திரளாததால் ஓ என்றே தெரியும். உங்கள் சீரத்தை ஓ அணுக்களோடு சேர்க்கும்போதுதான் குட்டு உடையும்: எச்சுக்கு எதிரான ஆன்டிபாடி உங்கள் சீரத்தில் இருப்பதால் அவை திரளும். ஆகவே ஓ நெகட்டிவ்கூட உங்களுக்கு ஆகாது. பாம்பே குரூப் ரத்தம் மட்டுமே ஏற்றலாம். இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாகச் சொல்வார்கள். பயம் வேண்டாம், ஆனால் ஏற்பாடு வேண்டும். பர்ஸில் ஒரு அட்டை வைத்திருங்கள். உடன்பிறந்தவர்களைக் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். அவர்களில் ஒவ்வொருவருக்கும் இதே குரூப் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை என்றால், உடல்நிலை இடம் கொடுத்தால், உங்கள் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு நான் கொடுத்த ரத்தத்தை ஏற்றாமல் யாரோ ஒருவருடையதை ஏற்றினார்கள். மனசு கேட்கவில்லை.

பதில்: வருத்தம் புரிகிறது. ஆனால் அவர்கள் செய்தது அப்பாவின் நன்மைக்குத்தான். நெருங்கிய ரத்த உறவில் கொடுப்பவரின் வெள்ளையணுக்களை நோயாளியின் உடல் அந்நியமாக உணராமல் விட்டுவிடலாம். அவை பெருகி அவர் உடலையே தாக்கும். மிக அபூர்வம்தான், வந்தால் பிழைப்பது அதைவிட அபூர்வம். கதிர்வீச்சு செலுத்திய ரத்தம் என்றால் இந்த ஆபத்து இல்லை. நீங்கள் கொடுத்த யூனிட் வேறொருவருக்குப் போயிருக்கும்.

கேள்வி: எனக்கு பி நெகட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். இரண்டு மாதக் கரு கலைந்துவிட்டது. அடுத்த குழந்தைக்குப் பாதிப்பு வருமா?

பதில்: கரு பாசிட்டிவாக இருந்திருந்தால், அதன் அணுக்களுக்கு எதிராக உங்கள் உடலில் ஆன்டிபாடி உருவாகி, அடுத்த பாசிட்டிவ் குழந்தையைப் பாதிக்கலாம். கரு கலைந்தது எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. 72 மணி நேரத்துக்குள் என்றால், அந்த ஆன்டிபாடி உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று இன்றே மருத்துவரிடம் கேளுங்கள். நாள் கடந்திருந்தாலும் போய், ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் ஐ.சி.டி. என்ற ரத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். ஆன்டிபாடி உருவாகவில்லை என்று தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தில் 28-வது வாரத்தில் ஒரு ஊசி, குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று.