சாம்சங் ஏ50-இல் டிடபிள்யூஆர்பி போட்டபின் லோகோவிலேயே நிற்கிறது, ஒடினும் ஃபெயில் காட்டுகிறது. எப்படி மீட்பது?

கேள்வியின் சுருக்கம் இது: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். டுபாயில் வேலை செய்த சித்தி கொண்டுவந்து கொடுத்த கேலக்ஸி ஏ50, மொடல் எஸ்எம்-ஏ505எஃப். பூட்லோடரை (போனை எழுப்பும் முதல் மென்பொருளை) திறந்து, டிடபிள்யூஆர்பி என்ற சாம்சங்குடையதல்லாத ரெக்கவரியை (போனைப் பழுதுபார்க்கும் தனிப் பகுதியை) போட்டிருக்கிறார். அதன்பிறகு சாம்சங் லோகோ வந்து வந்து போகிறது. பழைய ஃபர்ம்வேரை, அதாவது போனின் முழு சிஸ்டம் மென்பொருளை, ஒடின் என்ற கணினிக் கருவியில் போட்டால் சிவப்பில் ஃபெயில். போனின் திரையில் ‘எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில், டிவைஸ் 9, பைனரி 5’ என்று ஒரு வரி.

பயப்படாதீர்கள், போன் சாகவில்லை. லோகோ வருகிறது, ஒடினோடு பேசும் டவுன்லோட் மோட் திறக்கிறது என்றால் பூட்லோடர் நன்றாக இருக்கிறது என்று பொருள். அது இருக்கும்வரை இந்தப் போனை வீட்டிலிருந்தே மீட்கலாம். கெட்டுப்போவது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். பதற்றத்தில் கிடைத்த ஃபைலையெல்லாம் போட்டுப் பார்ப்பதும், ஒடினில் தெரியாத பெட்டிகளில் டிக் போடுவதும்தான் போனைக் கொல்லும்.

உங்கள் பதிலின் பாதி அந்தச் சிவப்பு வரியிலேயே இருக்கிறது. சாம்சங் ஃபர்ம்வேர் பெயரின் கடைசி ஐந்து எழுத்துகளைப் பாருங்கள். 9, சி, யூ, எச், 1 என்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் உள்ள 9 பூட்லோடரின் பைனரி எண். அடுத்துள்ள சி ஆண்ட்ரொய்ட் பதிப்பு. ஏ50-க்கு ஏ என்றால் 9, பி என்றால் 10, சி என்றால் 11. மூன்றாவது வருடம்: எஸ் 2019, டி 2020, யூ 2021, வி 2022. நான்காவது மாதம், ஏ ஜனவரியில் தொடங்கி எல் டிசம்பர் வரை. ஐந்தாவது அந்த மாதத்தின் எத்தனையாவது வெளியீடு என்பது. உங்கள் போன் 9-க்கு ஏறிவிட்டது, நீங்கள் போட்டதோ 5. பைனரி எண் ஏறலாம், இறங்காது. கேபிளை மாற்றினாலும் ஒடினை மாற்றினாலும் இது மாறாது. 9 அல்லது அதற்கு மேற்பட்ட பைனரி உள்ள ஃபர்ம்வேர்தான் வேண்டும்.

லோகோவில் சுற்றுவதற்குக் காரணம் வேறு. டிடபிள்யூஆர்பி போட்டவுடன் சிவப்பு எழுத்தோடு டவுன்லோட் மோடிலேயே நின்றிருந்தால், விபிமெட்டாவைச் செயலிழக்கச் செய்யாமல் விட்டதுதான் காரணம் என்று சொல்லியிருப்பேன். விபிமெட்டா என்பது போனின் ஒவ்வொரு பகுதியும் அசலா என்று பார்க்கும் கையெழுத்துப் பட்டியல். உங்களுக்கு லோகோ வரை வருகிறது. ஆகவே விபிமெட்டா கடந்துவிட்டது, டேட்டா பகுதியில்தான் சிக்கல். அங்கே உள்ளவை பூட்டிய குறியீட்டில் இருக்கின்றன. மாற்றப்பட்ட நிலையில் சிஸ்டத்தால் அதைத் திறக்க முடியவில்லை. டிடபிள்யூஆர்பிக்குள் போய்ப் பாருங்கள், உள் சேமிப்பு 0 எம்பி என்று காட்டும், அல்லது கோப்புறைகளின் பெயர்கள் அர்த்தமில்லாத எழுத்துகளாக இருக்கும். இரண்டில் ஒன்று தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், டேட்டா பகுதியை முழுக்க அழித்துப் புதிதாக்கும் ஃபோர்மட் டேட்டாவைச் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள்.

இனி ஃபர்ம்வேர். நாட்டுக் குறியீடான சிஎஸ்சி-யைக் கண்டுபிடிக்க வேண்டும். மலையகத்தில் நிறைய போன்கள் வளைகுடாவிலிருந்து வருபவை. எமிரேட்ஸ் என்றால் எக்ஸ்எஸ்ஜி, சவூதி என்றால் கேஎஸ்ஏ. டுபாயில் வாங்கியது என்பதால் உங்களுடையது பெரும்பாலும் எக்ஸ்எஸ்ஜி-யாகத்தான் இருக்கும். உறுதி செய்ய, டிடபிள்யூஆர்பியின் ஃபைல் மேனேஜரில், போனின் அடையாளத் தகவல் இருக்கும் ஈஎஃப்எஸ் கோப்புறைக்குள் ஐஎம்இஐ என்ற கோப்புறையில் எம்பிஎஸ்_கோட் என்ற சிறிய ஃபைல் இருக்கும், அதற்குள் அந்த மூன்றெழுத்து கிடக்கும். பார்ப்பதோடு நிறுத்துங்கள், அங்கே எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. வேறு நாட்டுச் சிஎஸ்சி போட்டால் போன் செத்துவிடாது. ஆனால் கோல் ரெக்கோர்டிங், வோல்ட்டீ (4ஜி வழி அழைப்பு) போன்ற வசதிகள் வரலாம், போகலாம்.

இறக்குவதற்கு ஃப்ரிஜா போன்ற ஒரு கருவியைப் பயன்படுத்துங்கள். சாம்சங் சர்வரிலிருந்தே நேராக இறக்கும். மொடல், சிஎஸ்சி, ஐஎம்இஐ (போனின் 15 இலக்க அடையாள எண்) மூன்றையும் கேட்கும். ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வரும், விரித்தால் இன்னும் அதே அளவு இடம் வேண்டும், ஆகவே லேப்டொப்பில் 12 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) சிக்னல் ஒரு கோடுதான் என்றால் பகல் டேட்டாவை வீணாக்காதீர்கள். டவுனுக்குப் போய் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இறக்கி பென் டிரைவில் கொண்டு வாருங்கள், அல்லது இரவு டேட்டாவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். பாதியில் அறுந்த ஃபைலை ஒடின் எம்டி5 பிழை சொல்லித் திருப்பிவிடும், அதனால் போனுக்கு ஆபத்தில்லை. நேரம்தான் போகும்.

அடுத்தது மின்சாரமும் கேபிளும். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் ஃப்ளாஷ், அதாவது ஃபர்ம்வேர் ஏற்றும் வேலை, செய்யவே வேண்டாம்; பேட்டரி நல்ல லேப்டொப் வேண்டும். போனில் 60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்க வேண்டும். லோகோவில் சுற்றும் போன் சரியாகச் சார்ஜ் ஏறாது. ரெக்கவரிக்குள் போய் பவர் ஓஃப் கொடுத்து, அணைந்த நிலையில் ஏற்றுங்கள். நுவரெலியா, தலவாக்கலை குளிரில் பழைய பேட்டரி 30 சதவீதம் காட்டிவிட்டுத் திடீரென அணையும், அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் 60 சொல்கிறேன்.

டைப்-சி துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் நாக்கு மாதிரி ஒரு மெல்லிய தகடு இருக்கும், அதன் இரு பக்கமும் வரிசையாகப் பின்கள். மாதக்கணக்காக மூடுபனியிலும் ஈரத்திலும் இருந்த போன்களில் அந்தப் பின்கள் மேல் பச்சையாகவோ கருப்பாகவோ ஒரு படலம் பிடித்திருக்கும். சார்ஜ் ஏறும், ஆனால் டேட்டா நிலையாக ஓடாது. ஒடின் பாதியில் ‘கம்ப்ளீட் ரைட் ஒப்பரேஷன் ஃபெயில்ட்’ என்று நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். போனை அணைத்து, ஐசோப்ரொப்பைல் அல்கஹோலில் தொட்ட மெல்லிய பிரஷால் மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு கேபிளைக் குத்துங்கள். ஊசி விடாதீர்கள், பின் வளைந்தால் போர்டையே மாற்ற வேண்டிவரும்.

இனி வேலை. விண்டோஸில் சாம்சங் யூஎஸ்பி டிரைவரை இன்ஸ்டோல் செய்து லேப்டொப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒடின் 3.14-ஐ அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். போனில் பவரையும் வொல்யூம் கீழையும் சேர்த்து அழுத்தியபடி இருங்கள். திரை கருத்த அந்தக் கணமே பவரை விட்டு, வொல்யூம் மேல், கீழ் இரண்டையும் பிடித்துக்கொண்டு லேப்டொப்பில் ஏற்கனவே குத்திய கேபிளைப் போனில் குத்துங்கள். நீல நிற எச்சரிக்கைத் திரை வரும். இங்கே வொல்யூம் மேலை ஒரு தடவை சட்டென்று தட்டி விட்டுவிட வேண்டும். நீண்ட நேரம் அழுத்தினால் பூட்லோடரைப் பூட்டும், திறக்கும் திரைக்குப் போய்விடும். அங்கே தெரியாமல் சம்மதம் கொடுத்தால், அசலல்லாத ரெக்கவரி உள்ளே இருக்கும்போதே பூட்லோடர் பூட்டிக்கொள்ளும், டேட்டாவும் அழியும்.

ஒடினின் மேல் மூலையிலுள்ள பெட்டி நீலமாகி, கீழே ‘ஆடட்’ என்று வந்தால் இணைந்துவிட்டது. பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி ஆகிய நான்கு இடங்களிலும் அதே பெயரில் தொடங்கும் ஃபைல்களை வையுங்கள். ஏபி-யை ஏற்றும்போது ஒடின் சில நிமிடம் உறைந்தது போல இருக்கும். பெரிய ஃபைலைச் சரிபார்க்கிறது, மூடிவிடாதீர்கள். சிஎஸ்சி-க்கு இரண்டு ஃபைல்கள் வரும். ஹோம் சிஎஸ்சி டேட்டாவை வைத்திருக்கும், வெறும் சிஎஸ்சி எல்லாவற்றையும் அழிக்கும். ஃபோர்மட் டேட்டா இன்னும் செய்யாததால், உள்ளே முக்கியப் படங்கள் இருந்தால் முதல் தடவை ஹோம் சிஎஸ்சி போட்டுப் பார்ப்பது நல்லது. முன்பிருந்த அதே ஆண்ட்ரொய்ட் பதிப்பாக இருந்தால் டேட்டாவோடேயே எழுந்துவிட வாய்ப்பு உண்டு. திரும்பவும் சுற்றினால் வெறும் சிஎஸ்சி.

ஒப்ஷன்ஸ் பக்கத்தில் ஓட்டோ ரீபூட், எஃப் ரீசெட் டைம் இரண்டு மட்டும் டிக்கில் இருக்கட்டும். ரீபார்ட்டிஷன் வேண்டாம். நேண்ட் இரேஸ் என்ற பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். ஈஎஃப்எஸ் பகுதி அதில் போய்விட்டால் ஐஎம்இஐ எண்ணும் சேர்ந்து போகும். இலங்கையில் இது சின்ன விஷயமில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2025 ஜனவரி 28 முதல், பதியாத ஐஎம்இஐ உள்ள புதிய போன்களுக்கு நெட்வொர்க் இல்லை என்று அறிவித்திருக்கிறது. ஐஎம்இஐ என்று எழுதி, இடம் விட்டு, 15 இலக்க எண்ணையும் சேர்த்து 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதிவு நிலை தெரியும். ஃப்ளாஷ் செய்வதற்கு முன்பே போன் பெட்டியில் உள்ள எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ஸ்டார்ட் கொடுத்தபின் ஐந்து முதல் பத்து நிமிடம். பச்சையில் பாஸ் வரும்வரை கேபிள் அசையக்கூடாது. முதல் தடவை எழ 15 நிமிடம்கூட ஆகலாம். இடையில் அறுந்து, ‘ஸ்மார்ட் ஸ்விட்ச் எமர்ஜென்சி ரெக்கவரியைப் பயன்படுத்தவும்’ என்ற திரை வந்தாலும் கலங்க வேண்டாம். அந்தத் திரையிலிருந்தே ஒடின் வேலை செய்யும், கேபிளை மாற்றித் திரும்பப் போடுங்கள். ‘ஓத்’ என்ற ஃபெயில் வந்தால் மொடலோ பைனரியோ தவறு. கொம் போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்றால் டிரைவர் அல்லது யூஎஸ்பி துளை. ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் குத்துங்கள்.

போன் சரியாக எழுந்தபின் டிடபிள்யூஆர்பி இன்னும் வேண்டுமா என்று யோசியுங்கள். பூட்லோடர் திறந்திருக்கும்வரை பல வங்கி ஆப்கள் ஓடாது. அசல் அல்லாத ரெக்கவரி ஒருமுறை ஏறியதிலேயே சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பான நொக்ஸின் கணக்கு 0x1 ஆகியிருக்கும், அது திரும்பாது. செக்யூர் ஃபோல்டர் இனி இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை இந்தப் போனில்தான் பார்க்கிறீர்கள் என்றால் அசலிலேயே விடுங்கள் என்பதுதான் என் கருத்து.

வேண்டும் என்றால் வரிசை இது. போனை இணையத்தில் இணைத்து, டெவலப்பர் ஒப்ஷன்ஸில், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ஓஇஎம் அன்லாக்கிங் சாம்பல் நிறத்தில், திறந்த நிலையில் தெரிகிறதா என்று பாருங்கள். டவுன்லோட் மோடில் கேஜி ஸ்டேட் என்ற பூட்டு நிலை வரி ‘ப்ரீநோர்மல்’ என்று இருந்தால் அசலல்லாத எதையும் ஏற்காது. போனை அணைக்காமல் இணையத்தோடு ஏழு நாள், 168 மணிநேரம், வைத்துப் பாருங்கள். பிறகு ஒடினில் ஓட்டோ ரீபூட் டிக்கை எடுத்துவிட்டு, ஏபி-யில் டிடபிள்யூஆர்பி, யூசர்டேட்டா பெட்டியில் செயலிழக்கச் செய்த விபிமெட்டா. பாஸ் வந்ததும் பவரையும் வொல்யூம் கீழையும் அழுத்தி, திரை கருத்தவுடன் பவர், வொல்யூம் மேல் என்று மாற்றி நேராக ரெக்கவரிக்குள் போக வேண்டும். ஆண்ட்ரொய்ட் 11-இல் கேபிள் லேப்டொப்போடு இணைந்திருந்தால்தான் ரெக்கவரி திறக்கும், கழற்றிவிடாதீர்கள். ஒருமுறை சிஸ்டத்துக்குள் எழுந்துவிட்டால் அசல் ரெக்கவரி தன்னைத் தானே திரும்ப எழுதிக்கொள்ளும்.

உள்ளே போனதும் முதலில், அசல் ரெக்கவரி திரும்ப வருவதையும் டேட்டா மறுபடி பூட்டப்படுவதையும் தடுக்கும் மல்டிடிஸேப்ளரை ஓட்டுங்கள். சில டிடபிள்யூஆர்பிகளில் டெர்மினலில் அந்தப் பெயரை அடித்தால் போதும், மற்றவற்றில் ஜிப்பாகப் போட வேண்டும். அதன்பின் வைப், ஃபோர்மட் டேட்டா, ‘யெஸ்’ என்று தட்டச்சு. சாதாரண வைப் போதாது, அது பூட்டிய குறியீட்டை நீக்காது. உடனே ஈஎஃப்எஸ், பூட் இரண்டையும் எஸ்டி கார்டுக்கு பேக்கப் எடுத்து, இன்னொரு பிரதியை லேப்டொப்பிலும் வையுங்கள்.

அசலுக்கே திரும்பி, பூட்லோடரையும் பூட்ட விரும்பினால், முழு ஃபர்ம்வேரும் ஏறிப் போன் ஒரு தடவை ஹோம் திரை வரை வந்தபின்தான் டவுன்லோட் மோடுக்குப் போய் வொல்யூம் மேலை நீண்ட நேரம் அழுத்திப் பூட்ட வேண்டும். அப்போது டேட்டா மறுபடி அழியும், எழும்போது முன்பு போட்டிருந்த கூகுள் கணக்கைக் கேட்கலாம். அது சித்தியின் கணக்காக இருந்தால், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் கேட்டு ஈமெயிலையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.