ஒன்பது லட்சத்தை விடுங்கள், ஏழரை லட்சத்தைப் பாருங்கள்

கேள்வி: மண்டபம் வடக்குக் கரையில் 14 வருஷப் பழைய மர விசைப்படகு வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்தில் என்ஜின், அடிப்பலகை என்று 9 லட்சம் போட்டாச்சு. இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் மறுபடியும் என்ஜினை இறக்கணும், மூன்றரை லட்சம் ஆகும் என்கிறார் மெக்கானிக். இருக்கிற நிலையிலேயே 4 லட்சத்துக்கு ஒருவர் கேட்கிறார். இவ்வளவு கொட்டிவிட்டு விற்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: விற்றாலும் அந்த 9 லட்சம் திரும்பாது, வைத்திருந்தாலும் திரும்பாது. ஆகவே அதற்குக் கணக்கில் இடமில்லை. ஆனால் மனசு அதைத்தான் முதலில் எடுத்து வைக்கும். 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் நாடக சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும், குலுக்கல் போல, விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். எல்லாருக்கும் அதே நாடகம்தான், கொடுத்த காசுதான் வேறு.

நீங்கள் தவறவிடுவது இன்னொன்று. படகை வைத்துக்கொள்ள ஆகும் செலவு மூன்றரை லட்சம் இல்லை. கைக்கு வரும் 4 லட்சத்தையும் வேண்டாம் என்கிறீர்கள். மொத்தம் ஏழரை. படகே இல்லாமல் ஏழரை லட்சம் ரொக்கமாகக் கையில் இருந்தால், என்ஜின் சரிபார்த்த இதே படகைப் போய் வாங்குவீர்களா? இல்லை என்றால் விற்றுவிடுங்கள்.

ஆம் என்றால், பழைய பில்களை எடுங்கள். ஒவ்வொரு முறையும் மெக்கானிக் முதலில் சொன்னது எவ்வளவு, கடைசியில் ஆனது எவ்வளவு? 2 லட்சம் என்றது 3 லட்சத்தில் முடிந்திருந்தால் ஒன்றரை மடங்கு. அப்படியானால் இப்போதைய மூன்றரை, ஐந்தேகால் ஆகும். ஏழரை ஒன்பதேகால் ஆகிவிடும். மெக்கானிக் பொய் சொல்கிறார் என்றில்லை. என்ஜினைத் திறக்கும்வரை அவருக்கும் முழுசாகத் தெரியாது.

வருமானத்தையும் இப்படியே பாருங்கள். தடை இல்லாத ஜூன் 15 முதல் ஏப்ரல் 14 வரை, வாரம் 3 நாள் என்றால் 130 நாள் வரும். அதை நம்ப வேண்டாம். காற்று, புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் எல்லாம் போக, போன சீசனில் கடலுக்குப் போக எத்தனை டோக்கன் வாங்கினீர்கள்? டீசல், ஐஸ், ஆட்கள் பங்கு கழித்து ஒரு நடைக்கு மிஞ்சியதை அந்த எண்ணால் பெருக்குங்கள். நல்ல மீன்பாடு கிடைத்த நாள்தான் ஞாபகத்தில் நிற்கும், நோட்டைப் பாருங்கள். படகை விற்றாலும் அடுத்தவர் படகில் போய்ச் சம்பாதிப்பீர்கள், அந்தக் கூலியையும் கழிக்கணும்.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் கவனம். அந்தக் கடன் விற்றாலும் வைத்திருந்தாலும் உண்டு, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் அவருக்கே மீன் போடணும் என்பதால் கிலோவுக்கு விலை குறைந்தால், அந்த நஷ்டம் படகை வைத்திருப்பதன் செலவு. விற்றால் முன்பணத்தை உடனே திருப்பணும் என்பதால், 4 லட்சத்தில் கையில் எவ்வளவு நிற்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பது என்றே முடிவானால், என்ஜினைத் திறக்குமுன் உச்சத் தொகையைத் தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். நாலரை லட்சம் என்று எழுதியிருந்தால், அதைத் தாண்டும் என்று தெரிந்த அன்றே வேலையை நிறுத்தணும். பிரித்துப் போட்ட என்ஜினுக்கு முன்னால் நின்று எழுதினால் அந்தத் தொகை ஏறிக்கொண்டே போகும். கேட்டு வந்தவரிடம் இன்றே பேசி, அந்த 4 லட்சம் எந்தத் தேதி வரை நிற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரித்துப் போட்ட பிறகு அந்த விலை இருக்காது.